கழுவி வைத்த மீன்தொட்டி

அந்தத் தொட்டியை முதல் தடவை பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "தண்ணி ஏன் டிக்காஷன் மாதிரி இருக்கு? மாத்தறதே இல்லையா?"

கேபிள்காரர் கேட்டார். பக்கத்து வீட்டம்மா கேட்டார். ரவிக்கை தைக்க அளவு எடுக்க வந்தவர் கேட்டார். வீட்டுக்காரம்மா அவர்களுக்குச் சொல்லும் பதிலை நான் மாடிப்படியில் இறங்கும்போது பல தடவை கேட்டிருக்கிறேன்.

"அழுக்கு இல்லைங்க அது. பாதாம் எல ஊறுது. ஃபைட்டர் மீனுக்கு அது மருந்து. எங்க மாடி மேடம் எம்எஸ்சி ஜுவாலஜி. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எங்க மாடி மேடம். அது எனக்குப் பிடித்திருந்தது. அப்படிச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அம்மா இன்றைக்கும் கைநாட்டு. அப்பா பஸ்ஸின் நிறத்தையும் கண்டக்டர் முகத்தையும் வைத்துத்தான் எந்த ஊர் பஸ் என்று கண்டுபிடிப்பார். நான் படித்து, தேர்வு எழுதி, யாருடைய சிபாரிசும் இல்லாமல் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேடம் என்ற சொல்லை யாரும் எனக்கு இனாமாகக் கொடுக்கவில்லை.

அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் அந்த வீடு. வயலாக இருந்த இடத்தில் வந்த புது மனைப்பிரிவு. கீழே வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும். மொட்டைமாடியில் ஓர் அறை எனக்கு. கதவைத் திறந்தால் நேரே கார்த்திகை தீபம் ஏற்றுகிற மலை. வீடு பார்க்க வந்த அன்று அந்தம்மா ஊர் கேட்டார். கீழ்பென்னாத்தூர் பக்கம் என்று ஊரின் பெயரைச் சொன்னேன். சொந்த வீடா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். விவசாய வேலை என்றேன். அரசாங்க உத்தியோகம் என்று தெரிந்ததும் அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

அவர்களுக்கு ஒரே மகள். மேல்படிப்புக்கு வெளிநாடு போகும்போது அவள் விட்டுவிட்டுப் போனதுதான் அந்த மீன். நல்ல நீலம். வாலும் துடுப்பும் பட்டுத் துணியைக் கிழித்துத் தொங்கவிட்டது போல இருக்கும். ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, தரையில் கூழாங்கல், ஒரு மூலையில் காற்றுக் குழாய் செருகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர். அவ்வளவுதான். புறப்படும் நாளில் அவள் மாடிக்கு ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இதுக்கு முன்னாடி வாங்குனதெல்லாம் எங்கம்மா சுத்தம் பண்ணியே கொன்னுட்டாங்க. இத மட்டும் நீங்க பாத்துக்கோங்க அக்கா. சாகக் கூடாது, ப்ளீஸ்."

"சாகாது. நீ போயிட்டு வா" என்றேன்.

அவள் சொன்னது மிகையில்லை. அந்தம்மா தினமும் தொட்டியைக் கவிழ்த்துவிடுவார். கூழாங்கல்லைப் பாத்திர சோப்புப் போட்டுத் தேய்ப்பார். பிறகு குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றுவார். "நாம குடிக்கிறதையே ஊத்தறேன், இதுக்கு மேல என்ன சுத்தம் வேணும் அதுக்கு?" என்பார். கேன் தண்ணீரில் உப்பும் இல்லை, தாதும் இல்லை. அதில் மீன் வெலவெலத்துப் போகும். சோப்பு கல்லில் ஒட்டிக்கொண்டு தண்ணீரில் கரையும். இதெல்லாம் போகட்டும். தொட்டியின் உண்மையான விஷம் கண்ணுக்குத் தெரியாது. மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அமோனியாவாகும். அது மீனின் செவுளைத் தீய்க்கும். அதைத் தின்று செரிப்பதற்கென்றே சில நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை கல்லின் வழவழப்பிலும் ஸ்பாஞ்சின் பழுப்பிலும் குடியேற ஒரு மாதத்துக்கு மேலாகும். அந்த வழவழப்பைத் தேய்த்துக் கழுவினால் தொட்டியைச் சுத்தம் செய்கிற ஆளையே விரட்டிய மாதிரி.

இதை அந்தம்மாவுக்குப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

"அப்ப அழுக்குதான் சுத்தம்னு சொல்றீங்களா மேடம்?"

"பழைய தண்ணிதான் சுத்தம்னு சொல்றேன் ஆன்ட்டி. வாரத்துக்கு ஒரு தடவ கால்வாசி எடுத்துட்டு, கால்வாசி புதுசு ஊத்தணும். அந்தப் புதுசும் ஒரு நாள் முழுக்க வாளில வச்சிருந்து, குளோரின் போனதுக்கு அப்புறம்."

"காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா? எங்க வீட்டு சொம்ப ஒரு நாள் கழுவலன்னாலே எங்க மாமியா ஊர கூட்டிடுவா."

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கீழே போவேன். எனக்கென்று ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தொட்டி முன்னால் போட்டு வைத்திருப்பார். மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கல்லில் வைத்து, மறுமுனையை வாயில் வைத்து இழுத்துவிட்டால் அடியிலிருக்கும் கழிவு வாளிக்கு இறங்கிவிடும். "பாத்து, மீன் மூத்திரத்த குடிச்சிடாதீங்க மேடம்" என்று அந்தம்மா ஒவ்வொரு வாரமும் சிரிப்பார். பிறகு மாடியில் என் வாசலில் முதல் நாளே பிடித்து வைத்திருக்கும் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மெதுவாக ஊற்றுவேன். ஸ்பாஞ்சை, எடுத்த பழைய தண்ணீரிலேயே ஒரு முறை பிழிந்து வைப்பேன். அலுவலக வளாகத்தில் ஒரு நாட்டு பாதாம் மரம் உண்டு. அதன் காய்ந்த இலை ஒன்றைப் போட்டால் தண்ணீர் டிக்காஷன் நிறமாகும். மீனுக்குப் புண் வராது.

மீன் தெளிந்தது. கண்ணாடியில் விரலை வைத்தால் செவுளை விரித்துச் சண்டைக்கு வந்தது. தண்ணீரின் மேல் நுரைக் கூடு கட்டியது. மகள் வீடியோ காலில் பார்த்துவிட்டுக் கத்தினாள். "அக்கா, நீங்க வேற லெவல்!"

"எங்க வீட்ல ஒரு மீனு இத்தன மாசம் உசுரோட இருக்கறது இதான் மொத தடவ" என்றார் அந்தம்மா. "எல்லாம் உங்க கை ராசி."

"ராசி இல்ல ஆன்ட்டி. அமோனியா."

"ஏதோ ஒண்ணு. கைய எடுத்துடாதீங்க, அவ்ளோதான்."

கார்த்திகை பிறந்து, தீபத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். வருவதாகச் சொல்லவில்லை. நான் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டிக்குள் கைவிட்டுக் கல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியிலிருந்து "பாப்பா" என்று குரல் கேட்டது. வேக வைத்த மல்லாட்டையை ஒரு துணிப்பையில் கட்டிக் கையில் வைத்திருந்தாள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"வாங்க, வாங்க. மேடத்தோட அம்மாவா? உள்ள வாங்க" என்று வீட்டுக்காரம்மா எழுந்தார்.

அம்மா செருப்பைக் கேட்டுக்கு வெளியே தெருவிலேயே விட்டாள். எல்லோரும் வாசற்படிக்குக் கீழேதான் விடுவார்கள். முற்றத்தில் பாதி தூரம் வந்து நின்றுகொண்டாள். "இருக்கட்டும்மா. இங்கயே நிக்கறன். பொண்ண பாத்துட்டு போலாம்னு வந்தன்."

வீட்டுக்காரம்மா அந்தச் செருப்பைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"எந்த ஊரு சொன்னாங்க மேடம்... கீழ்பென்னாத்தூர் பக்கம் இல்ல? ஊருக்குள்ளயே வீடா?"

"இல்லம்மா. காலனி."

மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வது போலத்தான் அம்மா சொன்னாள். என் கை முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தது. மீன் என் விரல் நகத்தைக் கொத்திப் பார்த்தது.

"ஓ" என்றார் வீட்டுக்காரம்மா. "சரி, சரி."

அம்மா பையை நீட்டினாள். "மல்லாட்ட கொஞ்சம்... நேத்து புடுங்குனது."

"ஐயோ, எதுக்குமா. எங்களுக்கு ஒத்துக்காது. கேஸ் ட்ரபுள். நீங்களே வச்சுக்கோங்க."

ஆயுதபூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு நான் கொண்டுவந்து கொடுத்த மல்லாட்டையை டிவிக்கு முன்னால் உட்கார்ந்து உரித்து உரித்துத் தின்றவர்தான் அவர். இன்னும் இருக்கிறதா என்று அடுத்த நாள் கேட்டவர்.

மாடியில் வந்து உட்கார்ந்ததும் அம்மா கேட்டாள். "இன்னா பாப்பா, அந்தம்மா மூஞ்சி ஒரு மாதிரியா ஆயிடுச்சி?"

"நீ ஏம்மா செருப்ப தெருவுல வுட்ட?"

"வுட்டா இன்னா? யாரு தூக்கினு போவப் போறாங்க?"

"அதுக்கு இல்ல."

"கேட்டாங்க, சொன்னன். பொய் சொல்லணுமா?"

"வேணாம்."

"அப்புறம் இன்னா. துன்னு" என்று ஒரு மல்லாட்டையை உரித்து என் கையில் வைத்தாள். மீன் வாசம் அடிக்கிறது, கையைக் கழுவு என்று பிறகு அவளே சொன்னாள்.

அடுத்த வாரத்தில் என் பெயர் மாறியது. மேடம் போய், "ஏம்மா" வந்தது. சனிக்கிழமை படியில் பார்த்தபோது வீட்டுக்காரம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஏம்மா, நாளைக்கு தொட்டிக்கு வர வேணாம். தீபம் வருதில்ல, வீட்ல வேல ஜாஸ்தி. மீன நானே பாத்துக்கறேன்."

"தண்ணி மட்டும் மொத்தமா மாத்திடாதீங்க ஆன்ட்டி. தீனி கம்மியா போடுங்க."

"தெரியும்மா, தெரியும். எனக்கும் பழகிடுச்சு."

திங்கட்கிழமை அலுவலகம் விட்டு வந்தபோது சிவப்பு ஸ்டூல் முற்றத்தில் தலைகீழாகக் கிடந்தது. கழுவியிருந்தார்கள். காலிடுக்கில் மஞ்சள் தண்ணீர் காய்ந்து படிந்திருந்தது. தீபத்துக்கு வீடு கழுவுவது எல்லா வீட்டிலும் உண்டுதான். ஆனால் சோபா உள்ளே இருந்தது. மர நாற்காலிகள் உள்ளே இருந்தன. டீப்பாய் உள்ளே இருந்தது. அந்த வீட்டின் சாமான்களில் வெளியே வந்து வெயிலில் காய்ந்தது அந்த ஸ்டூல் ஒன்றுதான்.

கேட் ஓரத்தில் குப்பைக் கவர். அதன் வாயில் என் பாதாம் இலை நீட்டிக்கொண்டிருந்தது. இலைக்குக் கீழே ஈரம் காயாத ஸ்பாஞ்ச்.

வாசலில் நின்று பார்த்தேன். தொட்டி பளபளவென்று இருந்தது. கல் ஒவ்வொன்றும் கடையில் வாங்கிய அன்று இருந்தது போல வெள்ளை. தண்ணீர் லேசான எலுமிச்சை மஞ்சள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. துடுப்பெல்லாம் உடம்போடு ஒட்டியிருந்தது.

"தொட்டிய கழுவிட்டீங்களா ஆன்ட்டி?"

"ஆமா. அந்தக் கல்லுல ஒரே வழவழப்பு, கைய வக்க முடியல. சுடுதண்ணி ஊத்தி, பவுடர் போட்டு தேச்சு, ஒரு சிட்டிக மஞ்சளும் போட்டேன். இப்ப பாரு, எப்புடி இருக்கு."

"எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

"கொழா தண்ணிதான். காலைல வந்தது. புதுத் தண்ணி."

தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும் ஊர் இது. அந்தச் சமயத்தில் குழாய்த் தண்ணீரில் மருந்தைக் கூடுதலாகவே கலப்பார்கள். முகம் கழுவினால் கண் எரியும். அந்த வாசனை வாசற்படி வரைக்கும் வந்தது.

"மீன் செத்துடும் ஆன்ட்டி. நான் உள்ள வந்து..."

"வேணாம்மா." அவர் கை நிலைக்கதவில் குறுக்கே வந்தது. "தரைய தொடச்சிருக்கேன். ஈரம்."

வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதைக் கொஞ்சம் தாழ்த்தினார். "விடுடி. வந்து பாத்துட்டுப் போகட்டும். வாராவாரம் வர்ற பொண்ணுதான."

"நீங்க சும்மா இருங்க."

பேப்பர் மறுபடி உயர்ந்தது. அந்த வீட்டில் எனக்காக எழுந்த குரல் அவ்வளவுதான். எட்டி ஒரு அடி வைத்தால் தொட்டி. அந்த ஓர் அடியை நான் வைக்கவில்லை. தள்ளிவிட்டுப் போக எனக்குத் தெம்பு இருந்தது. கெஞ்சிக்கொண்டு போகத்தான் மனம் இல்லை.

"அப்ப மீன எடுத்து என்கிட்ட குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, குப்பைக் கவரிலிருந்த ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஞாயிறுக்கென்று பிடித்து வைத்த வாளித் தண்ணீர் வாசலில் அப்படியே இருந்தது. ஸ்பாஞ்சை அதில் போட்டு வைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தம்மா படியேறி வந்தார். கடைசிப் படிக்கு ஒரு படி முன்னாலேயே நின்றார். கையில் பச்சை பிளாஸ்டிக் ஜக்கு. அதற்குள் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"என்னமோ சாஞ்சு சாஞ்சு நீந்துது. பொண்ணு கேட்டா நான் என்னத்த சொல்லுவேன்? நீ கொஞ்சம் பாரு."

ஜக்கை மேல்படியில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். நான் எடுக்கும் வரை அவர் கீழே இறங்கத் தொடங்கவில்லை. எடுத்த பிறகுதான் இறங்கினார்.

வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியிருக்கலாம். அன்றைக்கு மட்டுமில்லை, பிறகும் பல நாள் அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அனுப்பியிருந்தால் என் ரோஷம் நின்றிருக்கும். மீன் நின்றிருக்காது. அது யார் வீட்டு மீன் என்று அதற்குத் தெரியாது. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. ஜக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொட்டிவிட்டு, வாளித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்கி, பிறகு மீனை வாளிக்குள் விட்டேன். குப்பையிலிருந்து எடுத்த ஸ்பாஞ்சில் அந்தப் பழைய உயிர்கள் மிச்சம் இருந்தால் பிழைக்கும். இல்லையென்றால் இல்லை.

பிழைத்தது. முதலில் தீனியை முகர்ந்துவிட்டு விலகியது. பிறகு தின்றது. வாலின் ஓரம் மட்டும் தீய்ந்தது போலக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு இன்றைக்கும் போகவில்லை.

தீபத்தன்று அவர்கள் வீட்டு உறவுக்காரர்கள் மொட்டைமாடிக்குத் திரண்டு வந்தார்கள். மலை அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். நான் என் அறை வாசலில் நின்றிருந்தேன். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்மணி வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதென்னடி இது, பக்கெட்ல மீனு? கொழம்புக்கா?"

"இத்துனூண்டு மீனுக்கு புளி கரைக்கற செலவு கட்டுமா?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. "அது மாடில குடியிருக்கற பொண்ணோடது" என்றார்.

மகள் என் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போன மீன் அப்படி என்னுடையதாயிற்று. அதற்குள் மலை உச்சியில் தீபம் தெரிந்தது. "அரோகரா" என்று மாடியே அதிர்ந்தது. நானும் கும்பிட்டேன். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. மலை அவர்கள் வீட்டுக்குள் இல்லை.

மறுநாள் ஜக்கைத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு கீழே போனேன். வீட்டுக்காரம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நீட்டிய ஜக்கைப் பார்த்துவிட்டுக் கோலத்தைத் தொடர்ந்தார்.

"அத நீயே வச்சுக்கோம்மா. எங்ககிட்ட வேற இருக்கு."

ஜக்கைத்தான் வைத்துக்கொள்ளச் சொன்னார். மீனை இல்லை. அது சில நாள் கழித்துத் தெரிந்தது. மகள் வீடியோ காலில் மீனைக் காட்டச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். தூங்குகிறது, தொட்டி கழுவுகிறேன் என்று அந்தம்மா சாக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு காலையில் படியடியில் நின்று கூப்பிட்டார்.

"ஏம்மா, மீனு நல்லாயிடுச்சில்ல? கொண்டாந்து குடு. பொண்ணு கேட்டுக்கிட்டே கெடக்குது."

என் வாளியில், என் தண்ணீரில் இத்தனை நாள் ஊறிய மீனைக் கையில் வாங்கிக்கொள்ள அவருக்குக் கூச்சம் இல்லை. சில நாள் என் அறையில் இருந்த ஜக்கைத்தான் தொடக் கூடாது. இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

"தரேன் ஆன்ட்டி" என்றேன். "ஆனா அந்தத் தொட்டில வுட்டா திரும்ப சாயும். அது கண்ணாடி மாதிரி இருக்கு, ஆனா மீன் கழிவ திங்கற உயிர் ஒண்ணும் அதுல இல்ல. நீங்க தேச்சதுல எல்லாம் போயிடுச்சு."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"என் பக்கெட் தண்ணில பாதிய உங்க தொட்டில ஊத்தணும். என் பக்கெட்ல கெடக்கற ஸ்பாஞ்ச அதுல போடணும். அப்பதான் பொழைக்கும்."

"உன் பக்கெட் தண்ணியா?"

"ஆமா. என் பக்கெட் தண்ணி."

அவர் கை தானாகவே மாடிப்படிக் கைப்பிடிச் சுவரிலிருந்து விலகியது. "கடைல ஏதாச்சும் மருந்து கிருந்து விக்க மாட்டானா?"

"மருந்து ஊத்துனாலும், மீன் இல்லாம தொட்டிய வாரக்கணக்குல ஓடவிடணும். இப்பவே வேணும்னா இது ஒண்ணுதான் வழி."

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. எந்த மீன் கடையில் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது என் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. சொல்லி முடித்ததும் அது வடிந்துவிட்டது. அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. வெட்கம் வரவில்லை, கோபம்கூட வரவில்லை. காய்கறி விலை கட்டுப்படியாகாதபோது திரும்பிப் போவாரே, அந்த முகம்தான்.

"பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டொரு நாளில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொட்டியில் ஒரு புது மீன் நீந்திக்கொண்டிருந்தது. அதே மாதிரி நீலம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. வாலில் சிவப்புக் கலந்திருந்தது. பொங்கலுக்குள் அது போய், முழுச் சிவப்பாக வேறொன்று வந்தது. தொட்டி மட்டும் எப்போதும் பளிச்சென்று இருந்தது. ஒரு தடவை நான் படியில் இறங்கும்போது ஹாலில் அந்தம்மா போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். "பாரு கண்ணு, ஒன் மீனுதான். வயசானா கலர் மாறுமாம். யாரு சொன்னாங்களா? நெட்ல போட்டிருக்கான்."

தை முடியும் முன்பே எனக்கும் சொல்லிவிட்டார். "பொண்ணு லீவுக்கு வருது. மாடி ரூம் வேண்டியிருக்கும். வேற எடம் பாத்துக்கோம்மா." குரலில் கடுமை கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வீடு தேடிய நாட்களில் நான் ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். கேட்டைத் திறந்ததும், ஊர் எது என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். "அரசாங்க வேலை. கீழ்பென்னாத்தூர் பக்கம், காலனி. வீடு உண்டா, இல்லையா?" நிறைய வீடுகள் அந்த நிமிடமே காலியில்லாமல் போயின. ஒரு வீட்டில் "டு லெட்" பலகையை என் கண் முன்னாலேயே கழற்றினார்கள். கடைசியில் செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு அறை விடுகிற ஒருவர் கொடுத்தார். எந்தெந்த தேசத்து ஆட்களுக்கோ வாடகைக்கு விட்டுப் பழகியவர். ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, மோட்டார் போடுகிற நேரத்தைச் சொன்னார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மீனைப் பச்சை ஜக்கில் விட்டு, வாயில் பாலிதீன் கட்டி, ஊசியால் ஓட்டை போட்டு, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். புறப்படும்போது வீட்டுக்காரம்மா வாசலில் நின்றிருந்தார். ஜக்கைப் பார்த்தார். "பாத்துப் போம்மா" என்றார்.

புது அறைக்கு வந்த சில நாட்களில் மகளிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது.

"அக்கா, ஃபைட்டருக்கு வயசானா நீலம் சிவப்பா மாறுமா? அம்மா சொல்றாங்க. நீங்க ஜுவாலஜிதானே, உண்மையா?"

ஒரு வரியில் பொய் சொல்லி முடித்துவிடலாம். சில ஃபைட்டர்கள் நிறம் மாறுவதும் உண்டுதான். அந்த வரியைத் தட்டி, அழித்துவிட்டு, வேறு எழுதினேன்.

"சில மீன் மாறும். உன் மீன் மாறல. அது என்கிட்ட இருக்கு, நல்லா இருக்கு. எப்படி என்கிட்ட வந்ததுன்னு அம்மாவ கேளு. உனக்கு வேணும்னா சொல்லு, எப்ப வந்தாலும் தரேன். தண்ணியோட தரேன்."

கூடவே மீனின் படத்தையும் அனுப்பினேன். வாலில் கறுத்த ஓரம் தெரிகிற மாதிரிதான் எடுத்தேன். இரண்டு நீலக் குறியும் உடனே விழுந்தன. பதில் வரவில்லை.

நான் காத்திருந்தேன். அவள் வேறு தலைமுறை, வெளியே போய் உலகம் பார்ப்பவள், மாடிக்கு ஏறி வந்து என் கையைப் பிடித்தவள். அம்மாவிடம் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். சண்டை போடாவிட்டாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன். பஸ்ஸில், அலுவலகத்தில், சாப்பிடும்போது போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் தேர்வு முடிவுக்கு அடுத்து நான் இப்படிக் காத்துக் கிடந்தது இதற்குத்தான்.

கடைசியில் வந்தது.

"அம்மாகிட்ட பேசினேன் அக்கா. பரவால்ல. நீங்களே வச்சுக்கோங்க."

கூடவே கைகூப்பிய ஒரு சின்னப் படம்.

அவள் எண்ணை நான் அழிக்கவில்லை. அவளும் பிறகு எழுதவில்லை. மீன் இப்போது என் ஜன்னல் ஓரத்தில், நானே வாங்கிய தொட்டியில் இருக்கிறது. பாதாம் இலை, டிக்காஷன் நிறத் தண்ணீர், பழுப்பேறிய அதே ஸ்பாஞ்ச். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, வாளியிலிருந்து புதுசை மொண்டு ஊற்றுகிறேன். மொள்ளுவதற்கு அந்தப் பச்சை ஜக்கு இருக்கிறது.